அஞ்சு சொட்டு விஜயா

இந்தச் சீட்டுல ஆளு இருக்காங்களா சார்? அந்தப் பையை மட்டும் மடியில வச்சுக்கிட்டீங்கன்னா நான் உக்காந்துக்குவேன். ஆங், போதும். நான் கம்பம் போறேன். நீங்க? தேனியா? நல்லதாப் போச்சு. ரெண்டு மணி நேரத்துக்குப் பேச்சுத் துணை கெடச்சிருச்சு. காதுல மாட்டுனதைக் கழட்டிட்டீங்க பாருங்க, அதுதான் மரியாதை. இந்தக் காலத்துல யாரு கழட்டுறா.

நமக்கு முன்னாடி சீட்டுல சன்னலோரமா இருக்காள்ல, அது என் மக. யமுனா. இருவத்திமூணு முடியுது. பக்கத்துல எடம் இருந்துச்சு, நான் உக்காரப் போனேன். "நீங்க பின்னாடி உக்காருங்கப்பா"ன்னுட்டா. அப்பன் காலை நீட்டி வசதியா உக்காரட்டும்னு புள்ளைக்கு ஒரு பாசம். காதுல பெருசா மாட்டியிருக்கா பாருங்க, அதுல பாட்டு ஒண்ணும் ஓடல. சும்மாதான் மாட்டியிருக்கா. பாட்டு ஓடாததை எதுக்கும்மா மாட்டுறேன்னு நூறு தடவை கேட்டுட்டேன். அதை இன்னும் நல்லா அமுக்கி வச்சுக்குவா.

ஒரு நிமிசம் சார். யோவ் கண்டக்டர், அந்தப் பாட்டைக் கொஞ்சம் நிறுத்துய்யா. என் புள்ளைக்குச் சத்தம் ஆகாது. உனக்குத்தான்யா, காது கேக்கலையா?

நிறுத்திட்டாரு. பஸ்ஸே திரும்பிப் பாக்குது, பாத்துட்டுப் போகட்டும். புள்ளைக்கு அமைதி வேணும்னா நாமதான சத்தம் போட்டு வாங்கணும்.

ஆட்டிசம்னு கேள்விப்பட்டிருப்பீங்க. இவளுக்கு அதான். சின்ன வயசுல பிடிவாதம்னு நெனச்சேன். நோயில்ல, அவ அமைப்பே அப்படித்தான்னு அப்புறம் டாக்டருக சொன்னாங்க. மிக்சி ஓடுனா, நாலு பேரு ஒரே நேரத்துல பேசுனா, டியூப் லைட்டு விட்டு விட்டு எரிஞ்சா, நமக்கு ஒண்ணும் தெரியாது. அவளுக்கு மண்டைக்குள்ள ஆணி அடிச்ச மாதிரி இருக்குமாம். பத்து வயசுல இருந்து ஃபிட்ஸ் வேற. அதுக்குக் காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு மாத்திரை. அதை ஒருநாள்கூடத் தவற விட்டதில்ல. அவளே எடுத்துப் போட்டு, நோட்டுல குறிச்சுக்குவா.

என்னைப் பத்திச் சொல்லலையே. பேரு மொக்கராசு. ரிட்டயர்டு ஏட்டு. மதுவிலக்குப் பிரிவுல மட்டும் இருவத்தெட்டு வருசம். டிபார்ட்மெண்டுல மூக்கு மொக்கராசுன்னாத்தான் தெரியும். நாய் தேவையில்ல சார். பஸ்ஸுல ஏறி நடுவுல நின்னு ஒரு மூச்சு இழுத்தேன்னா எந்தப் பையில கஞ்சா இருக்குன்னு சொல்லிருவேன். பலாப்பழத்துக்குள்ள வச்சுக் கொண்டு போனவனையே புடிச்சிருக்கேன். இதை எதுக்குச் சொல்றேன்னா, பின்னாடி வரும். ஞாபகம் வச்சுக்கங்க.

யமுனாவுக்குத் திராட்சை ஷெட்டுல வேலை. எங்க பக்கம் திராட்சைதான சார் எல்லாம். பறிச்சு வர்ற கொத்தைக் கையில தூக்கிப் பாத்து, வெடிச்ச பழம், அழுகுன பழத்தை மட்டும் சின்னக் கத்திரியால நறுக்கி எடுத்துட்டுப் பெட்டியில அடுக்கணும். மத்தவங்க ஒரு கொத்தை மூணு தடவை திருப்புவாங்க. இவ ஒரு தடவை பாப்பா, நாலு பழத்தை எடுத்துருவா, அவ்வளவுதான். அவ அடுக்குன பெட்டியை முதலாளி தெறந்துகூடப் பாக்க மாட்டாரு. அந்த வேலை அவளுக்கு உசிரு. ஞாயித்துக்கிழமை லீவு விட்டா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா.

தை மாசம் ஷெட்டுக்குப் புது மிசின் வந்துச்சு. பெட்டிக்கு டேப் ஒட்டுற மிசின். கிர்ருனு ஒரு சத்தம். அதுல இருந்து ஆரம்பிச்சுது. வீட்டுல தூக்கம் இல்ல. விடிய விடிய நடந்துக்கிட்டே இருப்பா. ஒருநாள் ஷெட்டுல பெட்டியைக் கீழ போட்டுட்டு, மேசைக்கு அடியில போயி காதைப் பொத்திக்கிட்டு உக்காந்துட்டாளாம். முதலாளி நல்ல மனுசன். "புள்ள சரியானதும் அனுப்புங்க ஏட்டையா, எடம் அவளுக்கு இருக்கும்"னாரு. மிசினையும் பின்கட்டுக்கு மாத்திட்டாரு. ஆனா எத்தனை நாளைக்கு ஒருத்தர் எடத்தைக் காலியா வச்சிருப்பாரு?

என் வீட்டம்மா பவளக்கொடி. பேச்சு கம்மி, காரியம் ஜாஸ்தி. அது யமுனாவைக் கூட்டிக்கிட்டு சின்னமனூர்ல ஒரு ஆயுர்வேத டாக்டரம்மாகிட்டப் போயிட்டு வந்துச்சு. கையில ஒரு சின்ன பாட்டிலு. சொட்டு சொட்டா விடுற மூடி. மேல விஜயான்னு போட்டிருந்துச்சு. ராத்திரி நாக்குக்கு அடியில அஞ்சு சொட்டு. ஃபிட்ஸ் மாத்திரை சாப்பிடுறதால மெதுவாத்தான் போகணும், ஃபிட்ஸுக்குப் பாக்குற மதுரை டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிருங்கன்னு அந்தம்மா சொல்லி விட்டுருக்கு. நான்தான், "எண்ணெய்க்கெல்லாம் மதுரைக்குப் போகணுமாக்கும்"னு சொல்லிட்டேன்.

மூடியத் தெறந்து மோந்து பாத்தேன். நல்லெண்ணெய், ஏலக்காய். அம்புட்டுத்தான். இந்த மூக்கு சொல்லிருச்சு, பயமில்லன்னு.

ஒரு வாரம் போயிருக்கும். பரமக்குடியில எங்க அண்ணன் மகளுக்குக் கல்யாணம். பந்தல்ல இருந்து பந்தி வரைக்கும் நான் நின்னாத்தான் நடக்கும்னு அண்ணன் கூப்பிட்டு விட்டாரு. பன்னெண்டு நாள் இருந்தேன் சார். திரும்பி வந்து பாத்தா, வீடு வீடா இல்ல, கோயிலா இருக்கு. புள்ள ராத்திரி ஒம்போதரைக்குப் படுத்தா காலையில அஞ்சே முக்காலுக்குத்தான் எந்திரிக்கிறா. ஷெட்டுக்குப் போக ஆரம்பிச்சுட்டா. பவளக்கொடி கன்னத்துல சதை போட்ட மாதிரி இருக்கு. ரெண்டு பேரும் சேந்து உக்காந்து பல்லாங்குழி ஆடுறாங்க.

நான் அசந்து போயிட்டேன். விஜயா கைராசிக்காரின்னா கைராசிக்காரிதான்னு ஊரெல்லாம் சொன்னேன். டாக்டரம்மா பேரு விஜயான்னு நெனச்சுக்கிட்டேன் சார். டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, பழைய ஸ்டேசன், ஒரு எடம் பாக்கியில்ல. எங்க பழைய இன்ஸ்பெக்டருக்கு முட்டிவலி. "ஐயா, யோசிக்காதீங்க, ஒருதடவை விஜயாவைப் பாருங்க, எல்லா வலியும் போயிரும்"னு போன்ல சொன்னேன். அவரு டக்குனு போனை வச்சுட்டாரு. வீட்டம்மா பக்கத்துல இருந்திருக்கும்போல.

நான் வந்து ஒரு நாலஞ்சு நாள்ல, என்னமோ, புள்ளைக்கு மறுபடியும் தூக்கம் கொறைய ஆரம்பிச்சுது. விரலை விரலை நொடிச்சுக்கிட்டே இருப்பா. நான் சும்மா இருக்க முடியுமா? பக்கத்துலயே உக்காந்து பேச்சுக் குடுத்தேன். என் கேஸுக் கதையெல்லாம் ஒண்ணொண்ணாச் சொன்னேன். மனசை வேற பக்கம் திருப்பணும்ல. திரும்பல. அப்புறம்தான் யோசிச்சேன். அஞ்சு சொட்டுக்கே அம்புட்டு வேலை செஞ்சுதுன்னா, பத்துக்கு? பவளக்கொடிகிட்டச் சொல்லாம, அன்னைக்கு ராத்திரி பத்தா விட்டேன். நல்லதுதான செய்யுறோம்னு.

செக்கானூரணி தாண்டிருச்சு. தண்ணி வேணுமா சார்? என்கிட்ட இருக்கு.

பத்துச் சொட்டுல ஒரு வாரம். புள்ள தூங்குனா. ஆனா பகல்லயும் தூங்குனா. சோத்துல கை வச்சபடியே கண்ணு சொருகும். நான் அமைதின்னு நெனச்சேன். ஒரு செவ்வாக்கிழமை ஷெட்டுல இருந்து போன். கொத்தைப் பிடிச்சுக்கிட்டே கண்ணசந்து, கத்திரி எடது கை ஆள்காட்டி விரல்ல எறங்கிருச்சு. மூணு தையல். முதலாளி சங்கடப்பட்டுச் சொன்னாரு: "ஏட்டையா, இனி டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கியாந்தாத்தான் கையில கத்திரி குடுப்பேன். எனக்கும் பயமா இருக்குல்ல." அவரு சொல்றதுல என்ன தப்பு? அந்த லெட்டருக்குத்தான் சார் இன்னைக்கு மதுரைப் பயணமே.

மதுரைக்கு வர்றதுக்கு முன்னாடி ஒரு கூத்து நடந்துச்சு. தையல் போட்ட அன்னைக்குச் சாயங்காலம், பஞ்சு வாங்க ஹனீபா மெடிக்கலுக்குப் போனேன். ஹனீபா நமக்குப் பழக்கம். சட்டைப் பையில இருந்து பாட்டிலையும் டாக்டரம்மா எழுதுன மருந்துச் சீட்டையும் எடுத்துக் காட்டி, இதைப் பத்துச் சொட்டு விட்டோம், அதனால இருக்குமான்னு கேட்டேன்.

அவரு வாங்கிப் பாத்தாரு. கண்ணாடியைத் தூக்கி விட்டு மறுபடி பாத்தாரு. "ஏட்டையா, இது என்னன்னு தெரியுமா?"

"விஜயா. சின்னமனூரு டாக்டரம்மா."

"டாக்டரம்மா பேரு கலாவதி. சீட்டுல சீலு இருக்கு பாருங்க. விஜயாங்கிறது மருந்தோட பேரு. ஆயுர்வேதத்துல கஞ்சாவுக்கு விஜயான்னுதான் பேரு."

எனக்குக் கடையே ஒரு சுத்து சுத்துச்சு. சீட்டு எழுதி முறைப்படி குடுக்குற மருந்துதான், பயப்படாதீங்கன்னு ஹனீபா எம்புட்டோ சொன்னாரு. எனக்கு எங்க ஏறுது? மூக்கு மொக்கராசு வீட்டு அலமாரியில, முருகன் படத்துக்குப் பக்கத்துல, ஒரு மாசமா கஞ்சா. அதையும் என் கையால, பெத்த புள்ளைக்கு, எண்ணி எண்ணிப் பத்துச் சொட்டு.

வீட்டுக்குப் போனேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வழியில நடவடிக்கை எடுத்தேன். மகஜர் எழுதுனேன் சார். பொருளைக் கைப்பத்துனா எழுதுவோமே, அது. "சமையலறை வடக்கு அலமாரியிலிருந்து முப்பது மில்லி பாட்டில் ஒன்று சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றப்பட்டது." மெழுகுவத்தியை உருக்கி மூடி மேல சீல் வச்சேன். பவளக்கொடியைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னேன்.

"மாட்டேன்" அப்படின்னுச்சு. "அஞ்சைப் பத்தாக்குனது யாரு? அதை மொதல்ல அந்தத் தாள்ல எழுதுங்க, அப்புறம் போடுறேன்."

உனக்கு இது கஞ்சான்னு தெரியுமான்னு கேட்டேன். "மொத நாளே தெரியும். உங்ககிட்டச் சொன்னா வீட்டுல ரெய்டு நடக்கும்னும் தெரியும்" அப்படின்னுச்சு.

யமுனா வந்து அந்தத் தாளை வாங்கிப் படிச்சா. முழுக்கப் படிச்சா. முப்பதை அடிச்சுட்டுப் பத்தொம்போதுன்னு திருத்துனா. பாட்டில்ல அம்புட்டுத்தான் இருந்துச்சு. அதுக்குக் கீழ அவ கையெழுத்துல அஞ்சு வரி எழுதி, பேரு போட்டுக் குடுத்துட்டுப் போயிட்டா. தாளு இங்கதான் இருக்கு, சட்டைப் பையில. நானே படிக்கிறேன், கேளுங்க.

"இது எனக்கான மருந்து. கொடுக்கும்போது என்னைக் கேட்கவில்லை. கூட்டும்போது கேட்கவில்லை. எடுக்கும்போதும் கேட்கவில்லை. விரல் என்னுடையது."

சாட்சி போடச் சொன்ன எடத்துல புகார் எழுதிட்டா சார். எத்தனையோ பேரு என்மேல மேலிடத்துக்கு எழுதிப் போட்டிருக்கான், நான் அசைஞ்சதில்ல. இந்த அஞ்சு வரியைப் படிச்சுட்டு அழுதுட்டேன். சொல்றதுக்கென்ன வெக்கம். அதனாலதான் பாட்டிலைச் சாக்கடையில ஊத்தல. சீலோட அப்படியே மதுரைக்குக் கொண்டு வந்தேன்.

உசிலம்பட்டி வந்துருச்சு. கடலை வாங்கட்டுமா? வேணாமா? சரி.

மதுரை டாக்டரு சின்ன வயசுக்காரரு, ஆனா விவரமான ஆளு. மெழுகு சீலைப் பாத்துட்டு ஒரு நிமிசம் வாயைப் பொத்திக்கிட்டாரு. அப்புறம் ஒண்ணொண்ணாச் சொன்னாரு. இந்த எண்ணெய் குடுத்ததுல சிலருக்குப் பதட்டம் கொறையுது, தூக்கம் வருதுன்னு ஆராய்ச்சி இருக்காம். ஆனா எல்லாம் சின்னச் சின்ன ஆராய்ச்சி. எல்லாருக்கும் கேக்கும்னு சொல்ல முடியாதாம், கேக்கவே கேக்காதுன்னும் சொல்ல முடியாதாம். இவளுக்கு என்ன ஆச்சுன்னா, ஃபிட்ஸ் மாத்திரையும் இதுவும் ஒடம்புல ஒரே வழியில செரிக்குது. இது கூடக்கூட அந்த மாத்திரை வெளிய போக முடியாம ரத்தத்துலயே தங்கிருது. அதான் தள்ளாட்டம். கல்லீரலையும் பாக்கணும்னு ரத்தம் எடுத்தாங்க. நல்லா இருக்கு. தெருவுல விக்கிறதைப் பத்தியும் நானே கேட்டேன். அது வேற சங்கதி, அதுல இருக்குற போதைச் சத்து இந்த மாதிரிப் புள்ளைகளுக்குப் பயத்தைக் கெளப்பி விட்டுரும், புத்தி தடுமாறக்கூட வாய்ப்பு இருக்கு, பக்கத்துலயே போகக் கூடாதுன்னாரு. நான் புடிச்ச ஆளுகளை வச்சு அதுக்கு ரெண்டு உதாரணம் சொன்னேன். ரெண்டாவது முடியறதுக்குள்ள நர்சு வந்துருச்சு.

அப்பத்தான் யமுனா அவ நோட்டை எடுத்து டாக்டரு முன்னாடி வச்சா. சார், அந்த நோட்டைப் பாக்கணும் நீங்க. ஸ்கேலு வச்சுக் கோடு போட்டு, தேதி, தூக்கம் எத்தனை மணி, மாத்திரை, சொட்டு, கடைசியா "அ"ன்னு ஒரு கட்டம். தை மாசத்துல இருந்து ஒருநாள் விடாம. டாக்டரு பத்து நிமிசம் அதையே படிச்சாரு. "இவங்க அளவுக்கு எனக்கு யாரும் குறிச்சுக் கொண்டு வந்ததில்ல"ன்னாரு. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சு.

நானும் எட்டிப் பாத்தேன். "அ"ன்னா அமைதின்னு பாத்த ஒடனே புரிஞ்சுது. மணிக்கணக்குல போட்டிருக்கா. ஆனா பாவம், தலைகீழாப் போட்டுட்டா. நான் பரமக்குடியில இருந்த பன்னெண்டு நாளும் எட்டு மணி நேரம் தூங்கியிருக்கா, அதுக்கு நேரா "அ" பூஜ்யம். தூக்கமே இல்லாத நாளுக்கெல்லாம் "அ" ஆறு, ஏழுன்னு. திருத்தலாம்னு வாயைத் தெறந்தேன். டாக்டரு கையைக் காட்டிட்டாரு.

அவரு சொன்னாரு, அந்தப் பன்னெண்டு நாளும் எண்ணெயும் இருந்திருக்கு, வேற ஒண்ணும் மாறியிருக்கு, அதனால எதனால தூக்கம் வந்துச்சுன்னு இப்பச் சொல்ல முடியாது, ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்திப் பாக்கணும்னு. எண்ணெய் இப்போதைக்கு மூடியே இருக்கட்டும், அப்புறம் வேணும்னா அளவு பாத்து நானே சொல்றேன்னாரு. லெட்டரும் குடுத்துட்டாரு. திங்கக்கிழமையில இருந்து கத்திரி பிடிக்கலாம். ஆனா இந்த ஒரு மாசம் ஒழுங்காத் தூங்கணும், இல்லாட்டி மறுபடி நிறுத்த வேண்டியதுதானாம். புள்ள வேலை அந்த ஒரு மாசத் தூக்கத்துலதான் சார் நிக்குது.

அப்புறம் என்னையோ, போன்ல இருந்த பவளக்கொடியையோ கேக்கல. நேரா யமுனாவைப் பாத்துக் கேட்டாரு. "இந்த மாசம் எதைக் கொறைச்சுப் பாக்கலாம்? நீங்க சொல்லுங்க."

இவ யோசிச்சா. நோட்டைத் திருப்பி வச்சு விரலை வச்சுக் காட்டுனா. "அ."

அமைதியைப் போயி யாராவது கொறைப்பாங்களா? டாக்டரு சிரிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பி, "உங்க அண்ணன் ஊரு பரமக்குடின்னு சொன்னீங்கள்ல சார்? ரிட்டயர்டு ஆயிட்டீங்க, ஒரு மாசம் அங்க போயி இருந்துட்டு வாங்களேன்"னாரு. பேசண்டோட அப்பனுக்கும் ஓய்வு வேணும்னு நெனைக்கிற டாக்டரு எத்தனை பேரு இருக்கான் சொல்லுங்க.

தேனி வந்துருச்சா, இன்னும் கொஞ்சம் இருக்கா? அந்தா பாருங்க சார், நோட்டை எடுத்துட்டா. போன்ல மணி பாக்குறா. என்னமோ எழுதுறா. இருங்க, எட்டிப் பாத்துச் சொல்றேன்.

"அ, ஒரு மணி ஐம்பத்தி ரெண்டு நிமிடம்."

யமுனா. யமுனா, காதுல இருக்குறதைக் கழட்டும்மா. இது என்னம்மா கணக்கு? அமைதி ஒரு மணி ஐம்பத்தி ரெண்டு நிமிசமா? நாந்தான் மதுரை ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனதுல இருந்து பேசிக்கிட்டே வர்றேனே.

என்ன?

கேட்டீங்களா சார், அவ சொன்னதை? அ-ன்னா அமைதி இல்லையாம். அ-ன்னா அப்பாவாம். அப்பா பேசுற நேரமாம்.

தை மாசத்துல இருந்து.

அப்ப அந்தப் பன்னெண்டு நாளு பூஜ்யம்…

சரிம்மா. நான் ஒண்ணும் கோவிச்சுக்கல. இல்லம்மா, கண்ணுல தூசி. நாளைக்கே பரமக்குடிக்குக் கெளம்பிர்றேன். அண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லிர்றேன், ஒரு மாசம்னா ஒரு மாசம். புள்ள தூங்கணும், வேலைக்குப் போகணும், எனக்கு வேற என்ன.

ம்? மெதுவாச் சொல்லும்மா, பஸ்ஸு சத்தம்.

பரமக்குடி வேணாங்கிறா சார். அப்பா வேணாம்னு அவ எழுதலையாம். கூடிப் போச்சுன்னுதான் எழுதினாளாம். அஞ்சு சொட்டு போதுமாம். தெனமும் சாயங்காலம், ஷெட்டுல இருந்து வந்து காபி குடிக்கிறப்ப, அஞ்சு நிமிசம். அந்தப் பலாப்பழக் கேஸு நல்லா இருக்குமாம், அதைச் சொல்லலாமாம். ஆனா என் இஷ்டத்துக்கு அஞ்சைப் பத்தாக்கக் கூடாதாம். கூட்டணும்னா அவளைக் கேக்கணுமாம்.

கேட்டுக்கிறேம்மா. இனி கேட்டுக்கிறேன்.

தேனி ஸ்டாண்டு வர இன்னும் பத்து நிமிசம் இருக்கும் சார். நீங்க காதுல மாட்டிக்கங்க. எனக்கு இன்னைக்குச் சொட்டு முடிஞ்சுபோச்சு.